தாத்தாவின் டிரங்குப் பெட்டி: குஜிலிப் புத்தகங்களை யாரிடம் கொடுப்பது?

தங்கசாலைப்பேரன்:
பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுப் பரணிலிருந்து தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினோம். தாத்தா தங்கசாலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். உள்ளே காலணா, அரையணா விலை போட்ட குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள், அதாவது அந்தக் காலத்தில் கடைத்தெருவில் விற்ற மலிவுப் பதிப்புகள்: ரெண்டு கொலைச்சிந்து (கொலைச் செய்தியைப் பாட்டாகச் சொல்வது), ஒரு ரயில் பாட்டு, அப்புறம் நாடக நோட்டீஸ் ஒரு கட்டு. தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. பழைய பேப்பர் கடைக்காரர் தராசோடு வாசலில் நிற்கிறார், தம்பிக்கும் கை அரிக்கிறது. ரோஜா முத்தையா நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்றால், "அதெல்லாம் அமெரிக்காக்காரன் வாங்கிட்டுப் போயிட்டானே" என்கிறார் அம்மா.

சுவடிப்பித்தன்:
வாங்கியது உண்மை, கொண்டுபோகவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதியவர். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸைக்கூட விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத்தையும் வாங்கி, 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள், நூல்கள் இங்கேயே தங்கின. முதலில் முகப்பேர், இப்போது தரமணி. நம்மூர்ப் பல்கலைக்கழகம் எதுவும் முந்திக்கொள்ளவில்லையே என்பது என் பழைய வயிற்றெரிச்சல், அதை விடுங்கள்.

நிஜமாகவே கப்பலேறியவை கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரி மெக்கன்சி சேகரித்த சுவடிகள். 1821இல் அவர் இறந்ததும் கம்பெனி அவர் மனைவியிடமிருந்து வாங்கியது. ஒரு பங்கு லண்டன் போனது, ஒரு பங்கு சென்னைக்கு வந்தது. வெகுகாலம் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில் இருந்த கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு அஸ்திவாரமே அதுதான். பெட்டியில் ஓலைச்சுவடி ஏதும் அகப்பட்டால் அந்த நூலகத்தாரிடம் கேளுங்கள்.

ராயபுரம்பைண்டர்:
லேமினேஷன் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். டேப் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். வெயிலிலும் போடாதீர்கள். பெட்டியில் எந்த வரிசையில் இருந்ததோ அப்படியே கட்டி, தாத்தா பேர், எந்தத் தெரு அச்சகம், எந்த வருஷங்களில் வேலை பார்த்தார் என்று ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். குஜிலிப் புத்தகத்தைக் கோத்தவர் பேர் அட்டையில் இருக்காது. உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள்தான் எழுத வேண்டும்.

தங்கசாலைப்பேரன்:
சரி, தராசுக்காரருக்கு வெறும் நியூஸ்பேப்பர் மட்டும் போட்டோம். கொலைச்சிந்தின் பின்னட்டையில் தாத்தா பென்சிலில் "ஓவர்டைம் 2 அணா பாக்கி" என்று எழுதியிருக்கிறார். கொடுப்பதற்கு முன் அழித்துவிடலாமா?

ராயபுரம்பைண்டர்:
ரப்பரைத் தூக்கித் தெருவில் எறியுங்கள்.