மறுமொழி: ஆக்சிஜனேற்ற ‘அழுத்தம்’ வேண்டாமே

குழும நண்பர்களுக்கு வணக்கம். ‘oxidative stress’ என்பதைத் தமிழில் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்று சொல்லலாமா என்ற நம் உரையாடலுக்கு என் மறுமொழி இது. இழையில் வந்த வரி:

> நஞ்சுக்கொடியில் உண்டாகும் ஆக்சிஜனேற்ற அழுத்தமே கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்துக்குக் காரணம் எனக் கருதப்பட்டது.

ஒரே வரியில் இரண்டு அழுத்தங்கள். ஒன்று கையில் பட்டை கட்டி அளப்பது. மற்றது எந்தக் கருவியிலும் ஏறாதது. 140/90 என்று சீட்டில் பார்த்து அஞ்சியிருக்கும் கர்ப்பிணிக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? மன அழுத்தம் வேறு ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. “கவலைப்படாதே, பிரஷர் ஏறிவிடும்” என்று வீட்டில் சொல்வதோடு இதுவும் கலந்துவிடும்.

பொறியாளர் ஐயா இதற்குப் பதிலாகச் சொன்ன ‘தகைவு’, stress என்பதற்கான இயற்பியல் பாடநூல் சொல்தான். கம்பியை இழுக்கும்போது பொருந்தும். இங்கே இழுவிசை எதுவும் இல்லை. கருப்பைத் தமனிகள் போதிய அளவு விரியாததால் நஞ்சுக்கொடிக்கு இரத்தம் சீராகப் பாய்வதில்லை. அப்போது பெருகும் தனி உறுப்புகள் (free radicals, செல்களைச் சேதப்படுத்தும் வினைமிகு மூலக்கூறுகள்), உடலில் அவற்றை அடக்கும் ஆற்றலை மிஞ்சிவிடுகின்றன. மிஞ்சுவதைச் சொல்ல ‘ஆக்சிஜனேற்ற மிகை’ போதும். இலங்கை நண்பர்கள் ‘ஒட்சியேற்ற மிகை’ என்று எழுதிக்கொள்ளலாம்.

மருத்துவர் அம்மாவின் ‘சமனிழப்பு’ இன்னும் துல்லியமானது, மறுக்கவில்லை. ஆனால் சமன் குலைந்தது என்றதும், தாழ்ந்துபோன அந்த அடக்கும் ஆற்றலை மாத்திரையால் ஈடுகட்டலாம் என்று தோன்றும். ஆய்வாளர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 1999இல் லண்டனிலிருந்து வெளியான, 283 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் வைட்டமின் சி, ஈ இரண்டும் முன்சூல்வலிப்பைத் (pre-eclampsia, கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் உயரும் நோய்) தடுப்பதில் பலன் தந்ததாகத் தெரிந்தது. 2006இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 2,400 பேருக்கு மேல் பங்கேற்றனர்; ஒரு பாதியினருக்குத் தினமும் 1000 மி.கி. சி, 400 அலகு ஈ. நோய் குறையவில்லை; எடை குறைந்த குழந்தைகள்தாம் அந்தப் பக்கம் கூடுதலாகப் பிறந்தன. 2011இல் உலக சுகாதார நிறுவனம் இந்நோயைத் தடுப்பதற்கென்று இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. ‘மிகை’யிலும் அந்த மயக்கம் கொஞ்சம் உண்டுதான், ஆனால் எதையும் ஊட்டச் சொல்லி அது தூண்டுவதில்லை.

இதே காரணத்தால் antioxidant என்பதற்கு ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பி’யையும் தவிர்த்து ‘எதிர்ப்பி’ என்றே வைப்போம். தடுப்பி என்றால் தடுப்பூசி நினைவுக்கு வரும். நோயே வராது என்று மருந்துக்கடைக்காரர் சொல்வதற்கு நாமே வழிவிட்டதாகும்.

‘முன்சூல்வலிப்பு’ பற்றித் தனி இழை தொடங்குங்கள். அந்நோய் கண்டவர்களில் வலிப்பே வராதவர்கள்தாம் மிகப் பெரும்பாலோர். பெயரில் வலிப்பு நிற்கலாமா என்பது எனக்கு இன்னும் உறுத்தல்.