தஞ்சாவூர்க் கலியாணக் குழு: விமானம் நின்றால் என்ன செய்வது?

பெரியப்பா, மாலை 6.12
அனைவருக்கும் வணக்கம். வருகிற கிழமை புதன் மாலை நாம் சென்னைக்குப் போக எடுத்திருக்கும் அந்த மலிவுக் கட்டண விமானம், கடந்த பத்து நாள்களில் இரண்டு தடவை கொழும்பு கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து கிளம்பாமலே நின்றுவிட்டதாம். முகூர்த்தம் வெள்ளி காலை. வியாழன் விடியத் தஞ்சாவூரில் இறங்கிவிடலாம் என்ற துணிவில் சென்னையில் இருந்து போகும் உழவன் எக்ஸ்பிரஸ் இரவு ரயிலில் ஒன்பது பேருக்கும் படுக்கை எடுத்தாயிற்று. விமானம் இல்லையென்றால் என்ன செய்வது என்பதை இன்றே பேசி முடிப்போம்.

மாலா மாமி, 6.20
அண்ணா, ரத்துச் செய்தால் அதே கம்பனி மறுநாள் விமானத்தில் ஏற்றிவிடும்தானே? வியாழன் மாலை போனாலும் இரவு ரயிலில் வெள்ளி விடிய இறங்கிவிடலாமே.

நிலானி, 6.31
மாமி, அதை நம்பி இருக்க முடியாது. ஒரு பறப்பு நின்றால் அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர், மறுநாள் விமானத்தில் மிஞ்சியிருக்கும் சில இருக்கைகளுக்குத்தான் முண்டியடிப்பார்கள்; அதில் ஒன்பது பேருக்கு ஒன்றாக இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். விமானக் கம்பனி மாற்று விமானமோ கட்டிய பணமோ தரும், ஆனால் நாங்கள் தனியாக எடுத்த ரயில் சீட்டுக்கு அது பொறுப்பில்லை, ரயில் கிளம்பிய பிறகு ரயில்வேயிடமும் கேட்க முடியாது. அதனால் மாற்று வழி என்றால் வேறு கம்பனி, முடிந்தால் வேறு விமான நிலையம்.

சுதன் அண்ணா, 6.35
காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் போகிறதே. அங்கிருந்து தஞ்சாவூர் கிட்டத்தானே இருக்கிறது.

பெரியப்பா, 6.37
கார்த்திகை மாதக் கடலை நம்பி மாப்பிள்ளையான உன்னை அனுப்பச் சொல்கிறாயா? 2023 ஒக்டோபரில் அந்தச் சேவை தொடங்கிய கையோடு மழைக்காலம் வந்து நிறுத்திவிட்டார்கள்.

நிலானி, 6.44
யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமும் சரிவராது. கொழும்பு வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி விடிய யாழ்ப்பாணத்தில் இறங்கலாம், ஆனால் அங்கு வருவது சிறிய விமானம். கடைசி நேரத்தில் இத்தனை பேருக்கு இடம் இராது. நமக்குப் பொருந்துவது திருச்சி. ஸ்ரீலங்கன் கொழும்பில் இருந்து நேரே அங்கு போகிறது, இறங்கினால் தஞ்சாவூருக்கு அறுபது கிலோமீற்றருக்குள்தான், வாடகை வான் வண்டியில் ஒன்றரை மணித்தியாலம் கூட ஆகாது. சென்னையில் இருந்தென்றால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். நாங்கள் எடுத்த இ-விசாவில் திருச்சியிலும் இறங்கலாம். உண்மையில் முதலிலேயே அதைத்தான் எடுத்திருக்க வேண்டும், தி. நகரில் சேலை வாங்கும் ஆசையில் எல்லோரும் சென்னை என்று ஒற்றைக்காலில் நின்றோம், நானும்தான்.

மாலா மாமி, 6.52
சேலை என்றதும்தான் நினைவு வருகிறது. போன வருடம் எங்கள் விமானம் ரத்தான கதை எல்லோருக்கும் தெரியும். குடிவரவைத் தாண்டி உள்ளே உட்கார்ந்த பிறகுதான் அறிவித்தார்கள். கடவுச்சீட்டில் குத்திய முத்திரையை ரத்துச் செய்வித்து, கீழே இறங்கி, பெட்டி வரும் வரை சுழல் பட்டியின் பக்கத்தில் நின்றபோது நேரம் அதிகாலை இரண்டு. பெட்டி வந்ததும் பார்த்தால் பூட்டு உடைந்திருந்தது. கூறையையும் தாலிக்கொடியையும் தயவுசெய்து பெட்டியில் போட வேண்டாம், கைப்பையில் கொண்டு போங்கள்.

நிலானி, 7.01
மாமி சொன்னது சரி, ஆனால் அதோடு முடியவில்லை. மாப்பிள்ளை, தாலிக்கொடி, கூறை மூன்றும் ஒரே விமானத்தில் போகின்றன. நானோ மாமியோ பிந்தினால் சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு இலை குறையும். அந்த மூன்றில் ஒன்று பிந்தினால் கலியாணமே நிற்கும். சுதன் அண்ணாவையும் பெரியப்பாவையும் அப்பம்மாவையும் தாலிக்கொடி, கூறையோடு செவ்வாயே திருச்சிக்கு அனுப்புவோம். சென்னைச் சீட்டு மூன்றின் காசு போனால் போகட்டும். அப்பம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று புதிய சீட்டில் மறுபடியும் பதிய வேண்டும், பழையதில் கேட்டது இதற்குச் செல்லாது.

பெரியப்பா, 7.06
சம்மதம். மிச்ச ஆறு பேருக்கு?

நிலானி, 7.15
பிந்துவது வேறு, ரத்தாவது வேறு. விமானம் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் இரவு ரயில் போய்விடும், ஆனாலும் சென்னைக்குப் போய்விடலாம். அங்கு இறங்கி வான் பிடித்தால் வியாழன் காலைக்குள் தஞ்சாவூர். மீனம்பாக்கத்தில் நிற்கும் வான்காரர் ஒருவரிடம் சித்தப்பா இப்போதே பேசி வைக்கட்டும். ரத்தானால் சென்னையை மறந்துவிட்டு வியாழன் திருச்சி விமானம். அதற்குத் திகதி மாற்றக்கூடிய சீட்டு ஆறு எடுத்து வைக்கிறேன். கட்டணம் கூடுதல்தான், ஆனால் வராத விமானத்துக்கு மண்டப வாசலில் அழுவதை விட மலிவு. ரத்துச் செய்தி வந்தால் பணம் திரும்பக் கேட்கும் பொத்தானை யாரும் அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். அதை அழுத்தினால் மாற்று விமானம் கேட்கும் உரிமை போய்விடும். சீட்டை என் கடனட்டையில் எடுக்கிறேன். 2023 மே மாதம் இந்தியாவில் கோ ஃபர்ஸ்ட் விமானக் கம்பனி திடீரென்று பறப்பை நிறுத்தியபோது, பணம் கட்டியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, வங்கியிடம் முறையிட ஒரு வழி இருப்பது நல்லது.

சுதன் அண்ணா, 7.18
அப்படியென்றால் செவ்வாய்க்கு அலுவலகத்தில் லீவு கேட்கிறேன்.

நிலானி, 8.40
செவ்வாய் திருச்சிச் சீட்டு மூன்றும் எடுத்தாயிற்று, சக்கர நாற்காலியும் பதிந்துவிட்டேன். தாலிக்கொடி வைத்த பெட்டகத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது?

மாலா மாமி, 8.43
சித்தப்பாவிடம். அவர் புதன்கிழமை போகிற ஆறு பேரில் ஒருவர். நாளைக்கே வாங்கி அண்ணாவிடம் கொடுத்துவிடுகிறேன்.