இரண்டரை மாதப் பாடம் பாக்கி, எங்கிருந்து தொடங்குவது?

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் இருக்கிறோம். மகளுக்கு 13 வயது, மூன்று வருடமாக வீட்டில்தான் படிக்கிறாள். எட்டாம் வகுப்புப் பாடம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. நவம்பரில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிய அதே வாரம் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிச் சேலம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் இரண்டரை மாதம் போய்விட்டது.

நேற்று அவள் கணக்கு நோட்டைத் திறந்தேன். நவம்பர் 14 என்று தேதி போட்டு, ஒரு சமன்பாடு பாதியில் நிற்கிறது. சமக்குறிக்கு அப்புறம் ஒன்றுமில்லை. அடுத்த பக்கம் முழுக்கக் களத்துக்கு வந்த பழக்கூடைக் கணக்கு, அவள் கையெழுத்தில். கூட்டல் ஒன்றுகூடத் தப்பில்லை. திட்ட மனம் வரவில்லை.

14 வயது முடிந்ததும் என்.ஐ.ஓ.எஸ். (பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வைக்கும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்ய நினைத்திருக்கிறோம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு உண்டு, அவசரமில்லை என்கிறார் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமன்பாடு இப்போது விட்டுப்போனால் அங்கே போய் இடிக்கும். தமிழும் சமூக அறிவியலும் அவளே படித்துக்கொள்வாள். கணக்கும் அறிவியலும்தான் கவலை.

இப்படிப் பின்தங்கி மீண்டவர்கள் சொல்லுங்கள். விட்டதை வரிசையாக முடித்தீர்களா, இல்லை சிலதைத் தள்ளிவிட்டு மேலே போனீர்களா? காலையில் இரண்டு மணி நேரம் கணக்கு மட்டும் என்றால் பிள்ளைக்குச் சலித்துவிடுமா? அப்புறம், சேலம் அஸ்தம்பட்டி பக்கம் வாரம் ஒருநாள் கணக்கு சொல்லித்தருபவர் யாரையாவது தெரியுமா? சனிக்கிழமை என்றால் நானே கூட்டி வந்துவிடுவேன்.