பல்கலைக்கழக நூலகக் கணக்கு கைக்கு வந்ததும்: பிரிட்டன் வந்திறங்கிய மாணவர்களுக்கு

ஊரில் பெயராக மட்டும் கேள்விப்பட்ட ஜேஸ்டோர், சயின்ஸ்டைரக்ட், வெஸ்ட்லா போன்ற ஆய்வுக்கட்டுரை, சட்டத் தரவுத்தளங்கள் எல்லாம் இங்கு வந்த முதல் வாரத்திலேயே உங்கள் பல்கலைக்கழகக் கணக்கில் திறந்துகொள்ளும். கண்டதும் கை பரபரக்கும். அத்தனையையும் இறக்கி ஹார்டு டிஸ்கில் போட்டுவைத்துவிடலாமே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

இவற்றில் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகம் சொந்தமாக வாங்கிவிடவில்லை. ஆண்டுச் சந்தா கட்டி, யார் படிக்கலாம், எதற்காகப் படிக்கலாம் என்று பதிப்பாளரோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் மாணவர்களும் ஊழியர்களும் உண்டு. பல ஒப்பந்தங்களில், நூலகத்துக்குள் நேரில் வந்து கணினியில் படிக்கும் வெளியாரும் உண்டு. உங்கள் வீட்டுத் தோழர் இல்லை, சென்னையில் இருக்கும் அண்ணனும் இல்லை.

வீட்டிலிருந்து ஒரு கட்டுரையைத் திறக்கும்போது மேலே முகவரியைக் கவனியுங்கள். பல இடங்களில் பதிப்பாளரின் பெயரோடு உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். பல்கலைக்கழகத்தின் பிராக்ஸி சர்வர், அதாவது நடுவில் நிற்கும் கணினி, வழியாக உள்ளே போகிறீர்கள் என்று பொருள். பதிப்பாளரின் கண்ணுக்கு அந்த வழியாக வரும் எல்லோரும் ஒரே ஐபி முகவரிதான், அதாவது இணையத்தில் ஒரே அடையாள எண்தான். குறுகிய நேரத்தில் நூற்றுக்கணக்கான பிடிஎஃப்கள் இறங்கினால் அந்த முகவரியையே அடைத்துவிடுவார்கள். தானாகவே இறக்கிக்கொண்டிருக்கும்படி ராத்திரி நீங்கள் ஓடவிட்ட ஸ்கிரிப்டுக்காக, காலையில் ஆய்வேடு முடிக்க உட்கார்ந்தவருக்குக் கதவு மூடியிருக்கும். நூலகம் பதிவேட்டைப் புரட்டி, எந்தக் கணக்கு என்று கண்டுபிடித்து, உங்களுக்குக் கடிதம் அனுப்பும்.

2010 அக்டோபரில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடந்ததும் இதுதான். இணையச் செயற்பாட்டாளர் ஆரன் சுவார்ட்ஸ் ஜேஸ்டோர் கட்டுரைகளை மொத்தமாக இறக்கியதால் வளாகம் முழுவதற்குமே சில நாள்கள் ஜேஸ்டோர் நிறுத்தப்பட்டது. பிறகு அவர்மீது வழக்குத் தொடுத்து அரசுத் தரப்பு காட்டிய கடுமையை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அது வேறு பேச்சு.

ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாதவர்களும் மாட்டிக்கொள்வதுண்டு. பக்கத்தில் உள்ள இணைப்புகளையெல்லாம் முன்கூட்டியே இறக்கிவைக்கும் பிரவுசர் நீட்சிகள் இருக்கின்றன. படித்த கட்டுரைகளின் விவரங்களைச் சேர்த்துவைக்கும் மேற்கோள் மேலாண்மைச் செயலியில் ஐந்நூறு தலைப்புகளைத் தேர்ந்து 'பிடிஎஃப் தேடு' என்று அழுத்தினாலும் விளைவு அதேதான். கட்டுரைகளைக் கணினியால் மொத்தமாக அலசும் உரைப் பகுப்பாய்வுக்கு உண்மையிலேயே ஆயிரம் கட்டுரைகள் தேவையென்றால் சட்டம் உங்கள் பக்கம்தான்: பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2014இல் சேர்த்த 29ஏ பிரிவு, வணிக நோக்கமற்ற ஆய்வுக்கு இதை அனுமதிக்கிறது, ஒப்பந்தத்தால் அதைத் தடுக்க முடியாது. ஆனாலும் முதலில் நூலகரிடம் சொல்லுங்கள். அதற்கென்று பதிப்பாளர்கள் தனி வழி வைத்திருப்பார்கள், நூலகர் காட்டிவிடுவார்.

கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள், காசுக்கு நிச்சயமாகக் கொடுக்காதீர்கள். திருட்டு நூலகக் கணக்குகளுக்குச் சந்தையே இருக்கிறது. 2018இல் அமெரிக்காவில் ஒன்பது ஈரானியர்மீது பதிவான குற்றச்சாட்டில், போலி மின்னஞ்சல் அனுப்பிக் குறிவைக்கப்பட்டவை 300க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள். 'உங்கள் நூலகக் கணக்கு இன்று முடிகிறது' என்று அஞ்சல் வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாமல் நூலகத் தளத்துக்கு நேராகப் போய்ப் பாருங்கள்.

ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் 'இந்தக் கட்டுரையை மட்டும் எடுத்து அனுப்பேன்' என்று கேட்பார்கள். மறுப்பது சங்கடம்தான். அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ இருப்பவரானால், 2025 ஜனவரியில் தொடங்கிய இந்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தை நினைவூட்டுங்கள். 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அதில் அடங்கும். மற்றவர்களுக்கு அன்பேவால் என்ற பிரவுசர் நீட்சியைச் சொல்லுங்கள். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்காவது இருந்தால் காட்டிவிடும். அதிலும் இல்லையென்றால் கட்டுரையாளருக்கே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

பகுதிநேர வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வகைச் சங்கடம் வரும். 'உங்கள் பல்கலைக்கழகத்தில் மின்டெல் அறிக்கை இருக்குமே, ஒன்று எடுத்துத் தர முடியுமா?' என்று, சந்தை ஆய்வு நிறுவனமான மின்டெலின் அறிக்கையை மேலாளர் சாதாரணமாகக் கேட்பார். அந்த உரிமம் படிப்புக்கு மட்டும். ஒரு நிறுவனத்தின் வியாபாரத்துக்கு அது செல்லாது. பிரிட்டனின் தரநிர்ணய அமைப்பான பிஎஸ்ஐயின் தரநிர்ணய ஆவணத்தை இறக்கிப் பாருங்கள்: பக்க ஓரத்தில், எந்தப் பல்கலைக்கழகத்தின் உரிமப் பிரதி என்று செங்குத்தாக அச்சாகியிருக்கும். அது ஒரு கட்டுமான நிறுவனத்தின் கோப்பில் கிடந்தால் எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரிக்கவே வேண்டாம். 'உரிமம் அனுமதிக்காது' என்று மேலாளரிடம் சொல்லிவிடலாம். இங்கே அதை யாரும் திமிராக எடுத்துக்கொள்வதில்லை.

மின்னூல்களில் சில, ஒரே நேரத்தில் ஒருவருக்கோ மூவருக்கோ மட்டும் திறக்கும். படித்து முடித்தால் மூடிவிடுங்கள். தேர்வுக் காலத்தில் வெளியே வரிசை நிற்கும்.

இறக்கிய பிடிஎஃப்பைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றிச் சுருக்கம் கேட்பது இப்போது எல்லோரும் செய்வது. சில பதிப்பாளர்கள் ஒப்பந்தத்திலேயே இதற்குத் தடை போட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகமே வழங்கும் செயலி இருந்தால், எந்தத் தரவுத்தளத்துக்கு அது பொருந்தும் என்று கேட்டுவிட்டு அதையே பயன்படுத்துங்கள்.

ஓராண்டு முதுகலை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், கணக்கும் சில மாதங்களில் மூடப்பட்டுவிடும். அதற்கு முன் உங்கள் மேற்கோள் பட்டியலைச் சொந்த மின்னஞ்சலில் பதிந்த ஜொடேரோ (மேற்கோள் மேலாண்மைச் செயலி) கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஜேஸ்டோரில் தனிக் கணக்கு இலவசம். மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே படிக்கலாம். பழைய மாணவர்களுக்கு வேறென்ன திறந்திருக்கும் என்பதைப் பட்டமளிப்புக்கு முன்பே நூலக மேசையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.