யூஎஸ்பி பெட்டிகளில் உள்ள இரண்டு வன்தட்டுகளைப் பிரித்தறிவது எப்படி?

கிளிநொச்சியில் வீட்டில் இயங்கும் என் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) கணினியில் உள்ளே ஒரு வன்தட்டும், ஒரே வகை யூஎஸ்பி பெட்டிகளில் வெளியே இரண்டு 4 டெராபைட் வன்தட்டுகளும் உள்ளன. லினக்ஸ் கண்டறியும் வரிசைப்படியே எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி எனப் பெயரிடுவதால், மின்சாரம் தடைப்பட்டு மீளும்போதெல்லாம் (இங்கே அது புதிதல்ல) அப்பெயர்கள் இடம் மாறிவிடுகின்றன.

எந்தத் தட்டை எங்கே இணைப்பது எனக் குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் யூயூஐடியை (கோப்பு முறைமையின் தனி அடையாள எண்) கொடுத்துப் பார்த்தேன். ஆனால் வெளித்தட்டுகளில் ஒன்று மற்றதிலிருந்து டிடி கட்டளையால் முழுமையாகப் படியெடுக்கப்பட்டதால், இரண்டிலும் யூயூஐடி ஒன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் மீண்டும் படியெடுப்பதால் அதை மாற்றினாலும் நிலைக்காது. தட்டுகளைத் தொடரிலக்கத்தால் குறிக்கும் பை-ஐடி அடைவில் இரண்டு பெட்டிகளும் ஒரே தொடரிலக்கத்தைக் காட்டுவதால் ஒரே இணைப்புத்தான் தெரிகிறது. செருகிய துளையை வைத்து அமையும் பை-பாத் பெயரோ, வீட்டில் யாராவது வேறு துளையில் செருகினால் மாறிவிடுகிறது. கடந்த வாரம் மூலத்தட்டின் மேலேயே படியெழுதப் போய்க் கடைசி நொடியில் நிறுத்தினேன்.

தட்டின் விவரங்களைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை, பெட்டியைத் தாண்டித் தட்டிடமே கேட்கும் 'சாட்' தெரிவுடன் இயக்கினால் மட்டும் தட்டுகளின் உண்மையான, வெவ்வேறான தொடரிலக்கங்கள் கிடைக்கின்றன.

அந்த இலக்கத்தைப் படித்து ஒவ்வொரு தட்டுக்கும் மாறாத பெயர் சூட்டும் யூடெவ் (லினக்ஸில் சாதனங்களைக் கையாளும் பகுதி) விதியை எப்படி எழுதுவது?