புதுப்பிப்பு: வேன் தகர அதிர்வுக்குப் பூசுற கோட்டிங்

முந்தின பதிவில் கேட்டது இதுதான்: முன்சீட்டுக்கு அடியில் எஞ்சின் உள்ள பழைய வேன், மார்த்தாண்டம்–குலசேகரம் ரோட்டில் ஓடும்போது தகரம் முழுக்க அதிருது, பெயிண்ட் மாதிரி பூசுற கோட்டிங் பலிக்குமா?

பூசியாச்சு. பாதி பலன் உண்டு.

தட்டினால் ‘டங்’குன்னு ஒலிச்ச பின்கதவும் தரையும் இப்போ ‘தொப்’புன்னு அடங்குது. காய்ந்த பூச்சு ரப்பர் போல இழுபட்டு, தகரத்தின் அதிர்வைக் கொஞ்சம் கொஞ்சமா வெப்பமாக மாற்றிவிடும். அதனாலேயே கனம் முக்கியம். 0.8 மி.மீ. தகரத்துக்குக் காய்ந்தபின் சுமார் 1.5 மி.மீ. நிற்கணும். தண்ணீர் சேர்ந்த ரகம் காயும்போது சுருங்கும், ஈரத்தில் பார்த்த கனத்தை நம்பாதீங்க. ஒரே மூச்சில் அப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரம் நிற்கும்.

ஆனால் எஞ்சின் இரைச்சல்? பெரிசா குறையலை. காற்று வழியா, இடுக்கு வழியா வர்ற சத்தத்தை இந்த மெல்லிய பூச்சு தடுக்காது. அதுக்கு எஞ்சின் மூடியின் ரப்பர் பீடிங்கை (ஓரத்து இடுக்கை அடைக்கிற ரப்பர் பட்டி) மாற்றினேன். அந்த மலிவான வேலைதான் காதுக்கு அதிகம் தெரிஞ்சது!

குளச்சல் அண்ணாச்சி ஒருத்தர் துரு பற்றிக் கேட்டிருந்தார். உப்புக்காற்று வண்டின்னா துருவைச் சுரண்டி, பிரைமர் அடிச்சு, அப்புறம்தான் பூசணும். கதவடியில் தண்ணீர் வடியும் துளைகளை அடைச்சிராதீங்க. சைலன்சர் பக்கம் பூசவே வேண்டாம்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டே, வெயில் காலத்திலேயே முடிச்சிருங்க.