விருந்துக் கணக்கும் உதவித்தொகைக் கணக்கும் ஒரே நோட்டில் இருக்கலாமா?

பழைய பொருளாளர்

வெளிநாட்டில் இயங்கும் எங்கள் பல்கலைக்கழக முன்னாள் மாணவர் கிளைக்கு 6 வருடம் பொருளாளராக இருந்தேன். போன மாதம் பொறுப்பை ஒப்படைத்தேன். நோட்டைக் கொடுப்பதற்கு முந்தைய இரவு, 6 வருட வரவு செலவையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். அழைப்பிதழில் வருடா வருடம் 'ஏழை மாணவர் கல்வி உதவித்தொகைக்கான ஆண்டு விருந்து' என்று போடுகிறோம். வசூலான 100-இல் 62 மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி, கேடயம், பொன்னாடை என்று போயிருக்கிறது. அடுத்த வருட மண்டபத்துக்கு முன்பணம் 9. மாணவர் கைக்குப் போனது 29.

யாரும் கை வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது. ஆனால் டிக்கெட் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இந்த 29 தெரியும்? எனக்கே கூட்டிப் பார்க்கும்வரை தெரியாது.

என் யோசனை இதுதான். விருந்துக்கு ஆகிற செலவை வருகிறவர்கள் தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்துகொள்ளட்டும். உதவித்தொகைக்குத் தனி வங்கிக் கணக்கு, மாதச் சந்தா. ஒன்றின் பணம் மற்றதில் கலக்கவே கூடாது. அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவர நினைக்கிறேன். எதிர்க்கருத்து இருப்பவர்கள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

கூட்டம் சேர்ப்பவன்

நான் எதிர்க்கிறேன். வேறொரு ஊர்க் கிளையில் 11 வருடமாக இந்த விருந்தை நடத்திக்கொண்டு இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த 29 வந்ததே விருந்து நடந்ததால்தான்.

ஒரு வருடம் மண்டபம் கிடைக்கவில்லை. சரி, செலவு மிச்சம் என்று நினைத்து, பட்டியலில் இருந்த 400 பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பினோம், வங்கி விவரத்தோடு. பணம் அனுப்பியவர்கள் 13 பேர். அதில் 5 பேர் செயற்குழுவில் இருப்பவர்கள். மறு வருடம் விருந்து. ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்த இரண்டு பேர் 22 வருடம் கழித்து வாசலில் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தலை முழுக்க நரைத்திருந்தது. மற்றவர் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய், குரலைக் கேட்டுத் திரும்பி வந்தார். இரவு 10 மணிக்கு இருவரும் சேர்ந்து என்னிடம் வந்து, "எங்கள் அறை எண்ணின் பெயரில் ஒரு மாணவனைப் படிக்க வைக்கிறோம், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்கள். இது எந்த மின்னஞ்சலிலும் நடக்காது.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. இன்றுவரை இயங்கும் முன்னாள் மாணவர் சங்கங்களில் மிகப் பழையது அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியுடையது, 1821-இல் தொடங்கியது. கல்லூரித் தலைவரே மாணவர்களில் ஒரு பகுதியினரோடு ஆம்ஹெர்ஸ்ட் என்ற ஊரின் புதுக் கல்லூரிக்குப் போய்விட்டார், கல்லூரியே மூடிப்போகும் என்ற நிலை. பழைய மாணவர்கள் கூடித்தான் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். முதலில் ஆள் கூட வேண்டும், பணம் அப்புறம் வரும்.

நேர்வழி

கிளை எதற்கு, சங்கம் எதற்கு? ஆளுக்கொரு மாணவரைத் தேர்ந்தெடுத்து நேராக அனுப்பிவிடலாமே.

தணிக்கையாளர்

நேர்வழி, அதில் இரண்டு சிக்கல். முதலாவது, அனுப்பும் செலவு. உலக வங்கி கணக்குப்படி 200 டாலர் போன்ற சிறு தொகையை நாடு விட்டு நாடு அனுப்ப, சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் கழிந்துவிடுகிறது. 2030-க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் இலக்கு. 50 பேர் 50 முறை அனுப்புவதைவிடச் சேர்த்து ஒரே முறை அனுப்பினால் இந்தக் கழிவு வெகுவாகக் குறையும். இரண்டாவது, வரிவிலக்கு. அமெரிக்காவில் ஒரு தனி மாணவர் பெயருக்குக் கொடுக்கும் பணம் வருமான வரியில் நன்கொடையாகக் கழியாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நேராக அனுப்பினாலும் பொதுவாக அதே கதிதான். அமெரிக்காவிலேயே பதிவான ஒரு தர்ம அமைப்பு வேண்டும். அதுவும் பணத்தை வாங்கி அப்படியே கை மாற்றிவிடும் குழாயாக இருக்கக் கூடாது. எதற்குக் கொடுப்பது என்ற முடிவு அந்த அமைப்பின் கையில் இருக்க வேண்டும்.

பொருளாளர் சொல்வதில் சட்டமும் இருக்கிறது. அதே அமெரிக்காவில், விருந்து டிக்கெட்டின் முழு விலையும் நன்கொடை ஆகாது. சாப்பாட்டின் மதிப்பைக் கழித்தது போக மீதிதான் நன்கொடை. 75 டாலருக்கு மேல் வாங்கினால், சாப்பாட்டின் மதிப்பு இவ்வளவு என்று அமைப்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பல கிளைகள் இதைச் செய்யாமல் முழுத் தொகைக்கும் ரசீது கொடுக்கின்றன. அது தப்பு, நாளைக்கு நன்கொடை கொடுத்தவர் தலையில்தான் விழும். பிரிட்டனில் இருக்கும் கிளைகளுக்கு இன்னொரு விஷயம். தர்ம அமைப்பாகப் பதிவு செய்து, கொடுப்பவர் அங்கே வரி கட்டுபவராகவும் இருந்தால், கிஃப்ட் எய்ட் திட்டத்தில் ஒவ்வொரு 1 பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். உதவித்தொகைக் கணக்கைத் தனியாக வைத்திருந்தால் இதைக் கேட்டு வாங்குவது எளிது.

பெறும் நாட்டின் விதியையும் பார்த்துவிட வேண்டும். உதாரணத்துக்கு இந்தியாவில், வெளிநாட்டில் பதிவான அமைப்பு கொடுப்பது, வெளிநாட்டுப் பணத்தைக் கட்டுப்படுத்தும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு நன்கொடை. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே கொடுப்பது அப்படி ஆகாது. ஒரே கிளையில் இரண்டு வகையினரும் இருப்பார்கள்.

வந்து இரண்டு வருடம்

நான் விருந்தின் பக்கமா, எதிர்ப்பக்கமா என்று எனக்கே தெரியவில்லை. எனக்குக் கிளையில் கிடைத்தது பணம் இல்லை, ஆட்கள். இந்த நாட்டுக்கு வந்த மூன்றாவது மாதம், கையில் வேலை இல்லை. கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என்னைவிட 19 வருடம் மூத்தவர். என் துறையும் இல்லை. என் விண்ணப்பத்தைக் கைபேசியிலேயே படித்துவிட்டு, "தம்பி, முதல் பக்கம் முழுக்கப் படித்த பாடத்தைப் பட்டியல் போட்டிருக்கிறாய், செய்த வேலையைக் காணோமே" என்றார். அன்றிரவே மாற்றி எழுதினேன். அவர் சொல்லி அனுப்பிய இன்னொருவரிடம்தான் இன்றைக்கு வேலை பார்க்கிறேன்.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை அவர் விசாரித்தபோது, அடிக்கடி பார்க்கும் ஆளால் வேலை பெற்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் ஆள்தான் உதவியிருக்கிறார். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும் இல்லையா.

ஆனால் ஒன்று. நான் போனது ஒரு நூலகக் கூடத்தில் நடந்த சாதாரண கூட்டம். டிக்கெட் இல்லை. அதே கிளையின் ஆண்டு விருந்துக்கு என்னால் போக முடியவில்லை. டிக்கெட் விலை என் இரண்டு வாரச் செலவு. தொடர்பு யாருக்கு அவசரமாகத் தேவையோ, அவர்களைத்தான் அந்த விலை வாசலில் நிறுத்துகிறது.

கூட்டம் சேர்ப்பவன்

தம்பி சொல்வதை ஏற்கிறேன். மாணவர்களுக்கும் வேலை தேடுபவர்களுக்கும் எங்கள் கிளையில் பாதி விலை. இனி இலவசமாகவே வைக்கலாம். ஆனால் அந்த இலவச டிக்கெட்டுக்கான காசு எங்கிருந்து வரும்? கணக்கைப் பிரித்துவிட்டால் உதவித்தொகைப் பணத்தைத் தொட முடியாது. மற்றவர்கள் தலையில்தான் ஏறும். அப்புறம் அவர்களும் வர மாட்டார்கள்.

உதவி பெற்றவள்

மூன்று நாளாகப் படித்துக்கொண்டு இருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் அந்தப் பணத்தில் படித்தவள். எந்தக் கிளை என்று சொல்லப்போவதில்லை.

முதல் வருடம் எனக்கு உதவித்தொகை அறிவித்துவிட்டார்கள். கடிதம் வந்தது, பெயர் பொறித்து, முத்திரையோடு. செமஸ்டர் கட்டணத்துக்குக் கடைசி நாள் அன்று அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கட்டண கவுண்டருக்குப் போனேன். அங்கே இருந்தவர் கெட்டவர் இல்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நல்ல விஷயம்மா, ஆனால் எனக்குச் சலான்தான் வேண்டும்" என்றார். உங்கள் விருந்து நடப்பது வருடக் கடைசியில். கட்டணம் கட்ட வேண்டியது வருடத்தின் நடுவில். பணம் வந்தபோது அபராதத்தோடு வட்டிக்கு வாங்கிக் கட்டி 5 மாதம் ஆகியிருந்தது. உதவித்தொகையில் ஒரு பங்கு அந்த வட்டிக்கே போனது.

இரண்டாம் வருடம் எனக்குக் கிடைக்கவில்லை. மதிப்பெண் குறையவில்லை. "ஒவ்வொரு வருடமும் புது மாணவருக்குக் கொடுத்தால்தான் விருந்தில் அறிவிக்க நன்றாக இருக்கும்" என்று பிறகு தெரிந்தது. நாலு வருடப் படிப்பை ஒரு வருடப் பணத்தில் ஆரம்பித்துவிட்டு, மீதிக்கு நான் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் அந்த வீடியோ. விருந்தில் போட்டுக் காட்ட ஒரு நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் என்ன படிக்கிறேன், ஆய்வகத்தில் என்ன செய்கிறேன் என்று பேசினேன். "வீட்டுக் கஷ்டத்தை இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று மூன்று முறை எடுத்தார்கள். மூன்றாவது முறை அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அதைத்தான் போட்டார்கள். முகம் தெரியாத 200 பேர் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்திருப்பார்கள் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

எனக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. வாங்கினேன், நன்றியும் இருக்கிறது. ஆனால் 62-க்கும் 29-க்கும் சண்டை போடும்போது, அந்த 29 எந்தத் தேதியில் வந்தது என்றும் பாருங்கள்.

பழைய பொருளாளர்

தேதியை நான் பார்க்கவே இல்லை. 6 வருடமும் பணம் அனுப்பிய நாளைத்தான் நோட்டில் எழுதினேன். அங்கே கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

கூட்டம் சேர்ப்பவன்

நாங்களும் வீடியோ போடுகிறோம் அம்மா. அந்த வார்த்தையை நானே சொல்லியிருக்கிறேன். 'கஷ்டத்தைச் சொல்லுங்கள்' என்று. இனி சொல்ல மாட்டேன். மன்னிப்பு நேரில் கேட்க வேண்டிய பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், கேட்கிறேன்.

ஆனால் விருந்து வேண்டாம் என்பதற்கு இது காரணம் ஆகாது. எப்படி நடத்துகிறோம் என்பதுதான் தப்பு.

எண்பதுகளின் பேட்ச்

மூலநிதி ஒன்று வைத்துவிட்டால் இந்தத் தேதிப் பிரச்சினையே இல்லை. அசலைத் தொடாமல் வரும்படியில் கொடுக்கலாம். பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் அப்படித்தான் செய்கின்றன.

தணிக்கையாளர்

ஐயா, அவை பொதுவாக வருடத்துக்கு மூலநிதியில் 4 முதல் 5 சதவீதம்தான் எடுத்துச் செலவழிக்கும். அதற்கு மேல் எடுத்தால் விலைவாசி ஏற்றத்தில் அசல் தேயும். அப்படியென்றால் ஒரு மாணவருக்கு வருடம் 100 கொடுக்க, 2,000 முதல் 2,500 வரை அசல் வேண்டும். பொருளாளர் சொன்ன வேகத்தில் சேர்த்தால், அந்த அசல் நிறையும்வரை எத்தனை பேட்ச் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும்? சின்னக் கிளைக்கு நான் சொல்வது வேறு. ஒரு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே நாலு வருடத்துக்கான பணமும் கணக்கில் இருக்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு வருடம் கொடுப்பதற்குப் பதில், இரண்டு பேருக்கு முழுப் படிப்பும்.

கூட்டம் சேர்ப்பவன்

இரண்டு பேருக்கு மட்டுமா! மற்ற எட்டுப் பேரிடம் யார் போய்ச் சொல்வது? எனக்கு மனசு வரவில்லை.

உதவி பெற்றவள்

என்னிடம் இரண்டாம் வருடம் யார் வந்து சொன்னார்கள் ஐயா? மின்னஞ்சல்கூட வரவில்லை. நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலிலேயே இல்லை என்றிருந்தால் வேறு கல்லூரி, வேறு கடன் என்று பார்த்திருப்பேன். பாதி ஆற்றில் இறக்கி விட்டுப் போவது அதைவிடக் கொடுமை.

வந்து இரண்டு வருடம்

மாதச் சந்தா பற்றி ஒரு வார்த்தை. சின்னத் தொகை எதற்கு ஆகும் என்று எங்கள் கிளையில் பலர் சொல்கிறார்கள். அமெரிக்கத் தொழிலதிபர் மைக்கேல் புளூம்பெர்க் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1964-இல் பட்டம் வாங்கினார். மறு வருடம் அவர் கொடுத்த முதல் நன்கொடை 5 டாலர். அதே மனிதர் 2018-இல் அங்கே மாணவர் நிதியுதவிக்காகக் கொடுத்தது 180 கோடி டாலர். எல்லாரும் அப்படி ஆகப்போவதில்லை, அது தெரியும். ஆனால் படித்து முடித்த மறு வருடமே கொடுத்துப் பழகியவர் அவர். விருந்து டிக்கெட் வாங்க முடியாத என் போன்றவர்கள் மாதம் ஒரு சிறு தொகை நிச்சயம் போடுவோம். இதுவரை எங்களிடம் யாரும் கேட்டதே இல்லை.

பழைய பொருளாளர்

தீர்மானத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். உதவித்தொகைக்குத் தனிக் கணக்கு, அதில் முழுப் படிப்புக்கும் பணம் சேர்ந்த பிறகே மாணவர் தேர்வு, கட்டணக் கடைசி நாளுக்கு 30 நாள் முன்பே பணம் நேராகப் பல்கலைக்கழகத்துக்கு. மாணவர் முகமோ வீட்டுக் கதையோ விருந்தில் வராது. விருந்து நடக்கட்டும். அதன் செலவை விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்களும் வருகிறவர்களும் ஏற்கட்டும். அழைப்பிதழில் 'உதவித்தொகைக்கான விருந்து' என்று இனிப் போடக் கூடாது.

கூட்டம் சேர்ப்பவன்

மற்றதெல்லாம் சரி. கடைசி வரிக்கு மட்டும் என் ஓட்டு கிடையாது. அந்த வார்த்தை இல்லாவிட்டால் என் மண்டபம் பாதி காலியாக இருக்கும், அந்த அறை நண்பர்கள் இருவரும் சந்தித்திருக்கவே மாட்டார்கள். அதற்குப் பதிலாக, 'இந்த டிக்கெட்டில் சாப்பாட்டுக்கு இவ்வளவு, மாணவருக்கு இவ்வளவு' என்று அழைப்பிதழிலேயே அச்சடிக்கிறேன். படித்துவிட்டு வருகிறவர்கள் வரட்டும். பொதுக்குழுவிலும் இதையே பேசுவேன்.

உதவி பெற்றவள்

அச்சடிப்பதாக இருந்தால் எனக்குச் சம்மதம். நான் இப்போது சம்பாதிக்கிறேன். ஒரு மாணவியின் முதல் செமஸ்டருக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பணத்தை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய பொருளாளர்

நிதி அலுவலகத்துக்கு இன்றைக்கே எழுதிக் கேட்கிறேன். பதில் வந்ததும் தேதியை இங்கே போடுகிறேன்.